உஷார்! பழைய மண் அணைக்குக் கீழே குடியிருக்கிறீர்களா?

"தாத்தா காலத்திலிருந்து நிற்கிற அணை, அதற்கு என்ன ஆகிவிடப் போகிறது?" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஈடன்வில் அணையும் அப்படி நின்றதுதான். நீர்மின்சாரத்துக்காக 1924-இல் எழுப்பிய மண் அணை. கிட்டத்தட்ட நூறு வருஷம் நின்றுவிட்டு, 2020 மே 19 மாலை உடைந்தது.

அந்தக் கணத்தை அருகிலிருந்த ஒருவர் வீடியோ எடுத்திருக்கிறார். பார்த்தால் வயிற்றைக் கலக்கும். தண்ணீர் கரைக்கு மேலே வழியவே இல்லை. புல் மூடிய சரிவு திடீரென்று முன்னால் புடைக்கிறது. கரையின் முகடு அமுங்குகிறது. மண் கூழாகி ஓடுகிறது. எல்லாம் சில நொடிகளில். கட்டும்போது சரியாகக் கெட்டிப்படுத்தாமல் விட்ட மணல் அந்தக் கரைக்குள் இருந்தது. அணையின் நீர்மட்டம் அதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறியதும், ஊறிய மணலின் பிடி விட்டுப்போய்விட்டது. வழக்கமாக மணல் இப்படிக் கூழாவது நிலநடுக்கத்தில்; இங்கே அதுகூடத் தேவைப்படவில்லை.

இத்தனைக்கும் அதிகாரிகள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. பெருவெள்ளத்தை வெளியேற்ற மதகுகள் போதாது என்று மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் வருஷக்கணக்கில் எச்சரித்து, கடைசியில் 2018-இல் மின் உற்பத்தி உரிமத்தையே ரத்து செய்தது. விளைவு? உரிமையாளருக்கு மின்சார வருமானம் நின்றது, கண்காணிப்பு மாநில அரசின் கைக்கு மாறியது, அணை மட்டும் அப்படியே நின்றது. மாநில விதியோ மத்திய விதியைவிடத் தளர்வு. இதைத் தண்டனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாரும் மதகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், போனது கரை.

கீழே இருந்த சான்ஃபோர்டு அணையும் அந்த வெள்ளத்தில் போனது. சுமார் 10,000 பேரை முன்கூட்டியே வெளியேற்றியதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இலங்கையின் கந்தளாய்க் குளத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலை அந்தக் குளத்தின் மண் கட்டு உடைந்தபோது ஊர் உறக்கத்தில் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

ஆகவே கரைப்பக்கம் போகிறபோது அடிவாரத்தைப் பாருங்கள். மண் அணையில் கசிவு இருப்பது சகஜம். தெளிவாக, ஒரே அளவில் வந்தால் பரவாயில்லை. கலங்கலாக வந்தால் உள்ளிருந்து மண் அரித்து வெளியேறுகிறது என்று அர்த்தம். அப்போதே நீர்வளத் துறைக்கோ, அணை மின்வாரியத்துடையது என்றால் அவர்களுக்கோ தகவல் போக வேண்டும். புதுக் கசிவு, முகட்டில் விரிசல், சரிவில் புடைப்பு, திடீர்ப் பள்ளம், எலி வளை, வேரோடிய மரம், எதையும் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தால் ஆற்றோரச் சாலையில் வண்டியை விடாமல், ஆற்றுக்குக் குறுக்கே விலகி மேட்டுக்கு ஏறுங்கள். அந்த மேடு எது, போகும் வழி எது என்று வீட்டில் உள்ள எல்லாருக்கும் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.