சட்டியில் கொதிக்கும் வழக்கு

சாம்பாரில் வெல்லம் போடலாமா, கூடாதா என்ற வழக்கு வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர் வீடுகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை. உடுப்பி ஓட்டல் சாம்பாரை நாக்கில் வைத்ததும் முகம் சுளிக்கும் பெரியவர்களும், அதுதான் ருசி என்று இன்னொரு கிண்ணம் கேட்கும் பேரன்மாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பதை நாம் பார்க்கிறோம். தென் கொரியாவிலும் இப்படி ஒரு குழம்பு வழக்கு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அங்கே அதில் ஒரு போரும், ஒரு பஞ்சமும், ஓர் அன்னியப் படையும் சேர்ந்து கொதிப்பதால் சூடு கொஞ்சம் அதிகம்.

கொரியர்களின் அன்றாடக் குழம்புக்கு ‘ஜிகே’ என்று பெயர். சட்டியோடு கொதிக்கக் கொதிக்க மேஜைக்கு வரும். வீட்டார் அனைவரும் ஒரே சட்டியில் கரண்டி விட்டு, சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவது பழைய வழக்கம். புளித்த கோஸ் ஊறுகாயான கிம்சி போட்டது ஒரு வகை. சோயா மொச்சையைப் புளிக்க வைத்து எடுத்த ‘துவென்ஜாங்’ விழுதைக் கரைத்தது இன்னொரு வகை. எது அசல், எது கலப்படம் என்று பேச்செடுத்தால் முதலில் அடிபடும் பெயர் ‘புதே ஜிகே’. ‘புதே’ என்றால் படைப்பிரிவு. ராணுவ முகாம் குழம்பு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அதில் சேரும் சாமான்களைக் கேளுங்கள். ஸ்பாம் என்னும் அமெரிக்க டின் பன்றி இறைச்சி, சாசேஜ், கொத்துக்கறி, தக்காளிச் சாற்றில் வெந்த டின் பீன்ஸ். அவற்றோடு கிம்சி, மிளகாய்ப் பொடி, ‘கொச்சுஜாங்’ என்னும் மிளகாய் விழுது, சோயாப் பாலைத் திரித்துச் செய்த டோஃபு, வெங்காயத் தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டி நூடுல்ஸ். சில ஊர்களில் அதற்கும் மேலே மஞ்சளாக ஒரு சீஸ் துண்டு. இது என்ன கதம்பம் என்று நமக்குத் தோன்றும். கொரியரிலேயே பலருக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

பன்றிக் கஞ்சி

1950 ஜூன் 25-ல் மூண்ட கொரியப் போர், 1953 ஜூலை 27-ல் சண்டை நிறுத்தத்தில் வந்து நின்றது. (இந்தப் போரில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளிக்க நம் நாட்டிலிருந்து 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவு சென்றது. அதற்குத் தலைமை தாங்கி மகாவீர் சக்கரம் பெற்ற லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் ஒரு தமிழர்.) ஊர்கள் தரைமட்டம்; வயல்கள் பாழ்; லட்சக்கணக்கானோர் அகதிகள். இறைச்சி என்பது கண்ணில் படாத பண்டம். அது மலையாகக் குவிந்து கிடந்த ஒரே இடம் அமெரிக்கப் படை முகாம்தான்.

முகாம் சாப்பாட்டுக் கூடங்களில் மிஞ்சியதை வாங்கி, பெரிய அண்டாவில் கொட்டிக் கொதிக்க வைத்துச் சந்தையில் விற்றார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘குல்குரி ஜுக்’, அதாவது பன்றிக் கஞ்சி. ஐக்கிய நாடுகள் சூப் என்று இன்னொரு கேலிப் பெயரும் உண்டு. கடித்துப் போட்ட எலும்பும், சில வேளை சிகரெட் துண்டும் அதில் கிடந்ததாக, அதைக் குடித்து உயிர் பிழைத்த தலைமுறையினர் சொல்லியிருக்கிறார்கள். சியோல் நகரின் நம்தேமுன் சந்தையில் இந்தக் கஞ்சிக்காக மக்கள் வரிசையில் நின்றதைக் கண்டு மனம் வருந்தியே, சம்யாங் நிறுவனத்தை நிறுவிய ஜொன் ஜுங்-யுன் ஜப்பானிலிருந்து இயந்திரம் கொண்டுவந்து 1963-ல் நாட்டின் முதல் உடனடி நூடுல்ஸைத் தயாரித்தார் என்பது அந்நிறுவனம் சொல்லும் வரலாறு. அன்று ஒரு பொட்டலம் 10 வொன். பன்றிக் கஞ்சிக்கு மாற்றாகப் பிறந்த அந்த நூடுல்ஸே பிற்பாடு முகாம் குழம்பின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இங்கேதான் முதல் தகராறு. பன்றிக் கஞ்சிதான் புதே ஜிகேயாக வளர்ந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. சியோலுக்கு வடக்கே உள்ள உயிஜொங்பு நகரத்தார் இதைக் கேட்டால் கொதித்துப்போகிறார்கள். தங்கள் குழம்பு எச்சில் பண்டத்தில் பிறந்ததல்ல, உடைக்காத டின்னிலும் தொடாத இறைச்சியிலும் பிறந்தது என்பது அவர்கள் கட்சி. பெரிய அமெரிக்க முகாம்கள் இருந்த ஊர் அது. முகாமில் வேலை பார்த்த உள்ளூர்வாசிகள் கைவழியாக ஸ்பாமும் சாசேஜும் வெளியே வந்தன. உள்ளூர்ப் பெண்கள் அவற்றைக் காய்கறியோடு சேர்த்து இரும்புச் சட்டியில் வதக்கி, மதுவுக்குத் தொடுகறியாகக் கொடுத்தார்கள். சோற்றுக்கு ஏதாவது வேண்டும் என்று வாடிக்கைக்காரர்கள் கேட்க, கிம்சியும் மிளகாய் விழுதும் தண்ணீரும் சேர்ந்து குழம்பாயிற்று. 1960-ல் மீன் உருண்டை விற்கும் சிறு கடையாகத் தொடங்கிய ஒரு உணவு விடுதியே இதற்கு மூலம் என்று அவ்வூரில் காட்டுகிறார்கள்.

அன்று முகாம் சரக்கை வெளியில் விற்பது குற்றம். சுங்க அதிகாரிகள் சோதனைக்கு வருவதும், டின்களை அள்ளிக்கொண்டு போவதும் சகஜம். ஆகவே இந்தக் குழம்புக்கு எழுதி வைத்த செய்முறை இருந்திருக்கவே முடியாது. அன்றைக்கு எந்த டின் வெளியே வந்ததோ அதுதான் அன்றைய செய்முறை!

இப்படிப் பிறந்த ஒன்றுக்கு இன்று இலக்கணம் வகுக்கிறார்கள். நீர் தெளிவாக, கிம்சியின் புளிப்பு மேலோங்கி நிற்க வேண்டும் என்பது உயிஜொங்பு மரபு. தெற்கே விமானப்படைத் தளத்தை ஒட்டிய சொங்தானில் எலும்புச் சாறு ஊற்றி, இறைச்சியை அள்ளிப் போட்டு, சீஸும் பீன்ஸும் சேர்த்துக் கெட்டியாக்குகிறார்கள். வடக்கத்தியாருக்கு அது வெறும் கொழுப்பு. தெற்கத்தியாருக்கு இது வெறும் தண்ணீர். சியோலின் இதேவொன் பகுதியிலோ கிம்சிக்குப் பதில் பச்சைக் கோஸ் போட்டு ‘ஜான்சன்தாங்’ என்கிறார்கள். 1966-ல் கொரியா வந்த அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனின் பெயர் அது.

இதில் பெரிய வேடிக்கை டின்னைப் பற்றியது. 1987 முதல் ஸ்பாம் கொரியாவிலேயே தயாராகிறது. அறுவடைத் திருநாளுக்கு அதைப் பெட்டி கட்டி அன்பளிப்பாகக் கொடுக்கும் அளவுக்கு அது கௌரவப் பண்டமாகிவிட்டது. இருந்தாலும் பெயர் பெற்ற பழைய கடைகள் சில, தாங்கள் அமெரிக்க இறக்குமதிச் சாசேஜைத்தான் போடுவதாகப் பெருமையடிக்கின்றன. கொரியக் குழம்பு அசல்தான் என்று நிரூபிக்க அமெரிக்க முத்திரை தேவைப்படுகிறது!

யார் சட்டி சுத்தம்?

டின் இறைச்சி போட்ட எதையும் கொரிய உணவென்று ஒப்ப மாட்டோம் என்கிறவர்கள் மறுபக்கம் இருக்கிறார்கள். 2009-ல் கொரிய உணவை உலகெங்கும் பரப்ப அந்நாட்டு அரசு பெருஞ்செலவில் இயக்கம் தொடங்கியபோது, அதில் முன் நிறுத்தியது கிம்சி, பிபிம்பாப் போன்றவற்றையே. ஆயினும் கிம்சிக் குழம்பின் சிவப்பு எங்கிருந்து வந்தது? மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். போர்த்துக்கீசியர் நம் நாட்டுக்கு அதைக் கொண்டுவந்த காலத்தை ஒட்டியே, ஜப்பான் வழியாகக் கொரியாவுக்கும் போய்ச் சேர்ந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. யி சு-குவாங் என்ற அறிஞர் 1614-ல் தொகுத்த நூலில் அதை ஜப்பானியக் கடுகு என்றே குறிக்கிறார். மிளகாய் எங்கள் மண்ணிலேயே முன்பிருந்தது என்று வாதாடும் கொரிய ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அன்னியப் பொருள் என்ற சொல்லே எவ்வளவு உறுத்துகிறது பாருங்கள்!

துவென்ஜாங் ஜிகே மட்டும் இந்த வம்பில் சிக்காதது என்று நினைக்கத் தோன்றும். மிளகாய்க்கும் முந்தியது, மண்ணின் பண்டம். வேகவைத்த சோயா மொச்சையை இடித்து, செங்கல்போல் கட்டி பிடித்து, வைக்கோல் கயிற்றில் உத்தரத்தில் தொங்க விடுவார்கள். இந்தக் கட்டிக்கு ‘மெஜு’ என்று பெயர். வைக்கோலிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கும். பின்பு உப்பு நீர் நிரப்பிய மண் சாடியில் கட்டிகளை இறக்கி, கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் மிதக்க விட்டு, ஒன்றரை இரண்டு மாதம் ஊற வைப்பார்கள். வடித்த நீர் சோயாச் சாறு. தங்கிய மண்டியைப் பிசைந்து மீண்டும் சாடியில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தால் துவென்ஜாங். குழம்பு வைக்கும்போது, செட்டிநாட்டு மண்டிக்கு ஊற்றுவதுபோல, அரிசி களைந்த நீரை ஊற்றுவதும் உண்டு. அந்தக் கழுநீரில் நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்க விட்டு எடுத்த சாறுதான் அடித்தளம்.

ஆனால் கடையில் விற்பது பெரும்பாலும் இதுவல்ல. கோதுமை மாவு கலந்து, தேர்ந்தெடுத்த ஒரே பூஞ்சணத்தைத் தூவி, குறைந்த காலத்தில் புளிக்க வைத்த ஆலைச் சரக்கு அது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் வந்த முறையைத் தழுவியது. வீட்டு விழுது கொதிக்கக் கொதிக்க ருசி ஏறும், ஆலை விழுது அதிகம் கொதித்தால் கெடும் என்பார்கள் கைப்பழக்கம் உள்ளவர்கள். போதாததற்கு, 1956-ல் மிவொன் என்ற சுவையூட்டி உப்பும், 1975-ல் தசிதா என்ற மாட்டுச்சாற்றுப் பொடியும் வந்து சேர்ந்தன. அம்மா கைக்குழம்பு என்று கண்கலங்கிச் சாப்பிடுகிற பலர் நினைவில் வைத்திருப்பது அந்தப் பொடியின் ருசியைத்தான் என்று கொரியர்களே கிண்டல் செய்துகொள்வார்கள். அடுக்கு மாடி வீட்டில் மெஜு தொங்கவிட உத்தரம் ஏது? அதன் வாடையைப் பொறுக்கிற அண்டை வீட்டார் ஏது?

ஆகவே இரண்டு குழம்புக்கும் ஒரே தராசு பொருந்தாது என்பது என் எண்ணம். துவென்ஜாங்கின் அசல் ஒரு கைவினை. அதைக் கற்றவர் கற்பித்தால்தான் நிற்கும். சாடி உடைந்தால் போய்விடும். அதற்காகச் சண்டை பிடிப்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. இந்த விழுது தயாரிக்கும் மரபை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததும் அதனால்தான். புதே ஜிகேயின் அசலோ ஒரு பசி. எந்த ஊர்ச் சாசேஜைப் போட்டாலும் அந்தப் பசியைச் சட்டிக்குள் கொண்டுவர முடியாது. கொண்டுவர வேண்டியதும் இல்லை. அதைத் தொட மறுக்கும் கிழவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அதில் ஸ்பாம் தெரிவதில்லை. வரிசையில் ஏனத்தோடு நின்ற தங்கள் அம்மா தெரிகிறாள். அதே குழம்பைக் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிட்டு, கடைசியில் இன்னொரு கட்டி நூடுல்ஸ் கேட்பதிலும் தவறில்லை.

உயிஜொங்பு நகராட்சி இன்று இந்தக் குழம்புக்கென்றே ஒரு தெருவைப் பெயர் சூட்டி வைத்திருக்கிறது. ஊரின் பெரிய முகாமான ‘ரெட் கிளவுட்’டில் இருந்த அமெரிக்கப் படைத் தலைமையகம் 2018-ல் தெற்கே பியொங்தேக் நகருக்கு இடம் மாறிவிட்டது. சீஸ் போடும் சொங்தானும் அந்த நகராட்சியைச் சேர்ந்ததுதான்.