75 சதவீதம் தள்ளுபடியா? பர்ஸைத் தொடும் முன் இதெல்லாம் தெரியுமா?

ஒரே ஒரு சென்ட்! அமெரிக்கக் காசிலேயே மதிப்பில் ஆகச் சின்னது. அதைக் கொடுத்து ஒரு முழு வீடியோ கேமையே வாங்கிப் போனவர்கள் உண்டு, தெரியுமா? 2009 அக்டோபரில் ‘வேர்ல்ட் ஆஃப் கூ’ கேமுக்கு முதல் பிறந்தநாள். 20 டாலர் கேம் அது. கொடுக்க மனம் வருவதைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று அதை உருவாக்கியவர்கள் அறிவித்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் சுமார் 57,000 பேர்! சராசரியாகத் தலைக்கு 2 டாலர். ஆனால் அதிகம் பேர் கொடுத்த தொகை? அந்த ஒரு சென்ட்தான்!

அடுத்த வருடம் ‘ஹம்பிள் இண்டி பண்டில்’ வந்தது. பல கேம்கள் ஒரே கட்டாக, இதற்கும் விலை நம் இஷ்டம். சராசரியாகத் தலைக்கு அதிகம் கொடுத்தது யார் தெரியுமா? இலவச மென்பொருளான லினக்ஸில் கேம் ஆடுகிறவர்கள்! விண்டோஸ்காரர்களும் மேக்காரர்களும் அவர்களுக்குப் பின்னால்தான்.

சரி, விலையைப் பாதியாக்கினால் விற்கிறவருக்கு நஷ்டம்தானே? அதுதான் இல்லை! 2009 பிப்ரவரியில் ‘லெஃப்ட் 4 டெட்’ கேமை வார இறுதியில் பாதி விலைக்கு விட்டது, ‘ஸ்டீம்’ என்ற இணைய கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம். விற்பனை 3,000 சதவீதம் எகிறியது. கேம் வெளியானபோது விற்றதையும் தாண்டியது! தள்ளுபடியில் லாபம் யாருக்கு என்று இப்போது புரிகிறதா? (ஸ்டீமில் நான் வாங்கிப் போட்டு இன்னும் திறந்தே பார்க்காத கேம்களைக் கேட்டாலும் சொல்லும்.)

இன்னொன்று கேளுங்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது, 2015 ஜூனிலிருந்து. முழு விலை கொடுத்த மறுநாளே தள்ளுபடி வந்துவிட்டதா? திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலையில் திரும்ப வாங்கலாம். அது முறைகேடு ஆகாது என்று அவர்கள் விதியிலேயே எழுதியிருக்கிறது! அதே 2015 கடைசியில், சில மணி நேரமே நீடிக்கும் மின்னல் தள்ளுபடிகளையும் நிறுத்திவிட்டார்கள். முதல் நாள் விலைதான் கடைசி நாளும். அப்புறம் எதற்கு நடுராத்திரியில் கார்டைத் தேய்க்க வேண்டும்?

தள்ளுபடியே தராத கேமும் இருக்கிறது! செக் நாட்டின் ‘ஃபாக்டோரியோ’. காத்திருந்தவர்களுக்கு 2023 ஜனவரியில் என்ன கிடைத்தது தெரியுமா? 30 டாலர் 35 ஆனது!

எல்லாவற்றையும் மிஞ்சியது அட்டாரி நிறுவனத்தின் ‘ஈ.டி.’ கேம். 1982இல் வந்தது; அடிமாட்டு விலைக்கும் போகாமல் தேங்கிய பிரதிகள் 1983இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ குப்பைமேட்டில் புதைபட்டன. 2014இல் தோண்டி எடுத்து ஏலம் விட்டார்கள். நசுங்கிய அட்டைப்பெட்டியோடு ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ், 1,500 டாலருக்கு மேல் போனது!