ஹவுன்ஸ்லோ வீடுகளும் குளிரூட்டிக் கணக்கும்

2022 ஜூலை 19ஆம் நாள் லண்டனின் ஹீத்ரோ வானிலை நிலையத்தில் வெப்பநிலை 40.2 பாகை செல்சியஸைத் தொட்டது. அன்றே லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் பதிவான 40.3 பாகைதான் பிரித்தானியாவின் உச்ச அளவு என்றாலும், விமான ஓடுபாதைகளுக்குக் கிழக்கே அடுத்தாற்போல் தொடங்கும் ஹவுன்ஸ்லோ மக்களுக்கு ஹீத்ரோவின் அளவே தம் தெருவின் அளவு. ஏழாண்டுகளுக்கு முன், 2015 ஜூலை 1ஆம் நாளன்று, அதே நிலையம் 36.7 பாகையைப் பதிவு செய்திருந்தது. 2022 கோடையின் வெப்ப அலைகளோடு தொடர்புடைய மரணங்கள் இங்கிலாந்தில் மட்டும் மூவாயிரத்தை நெருங்கின என்று அந்நாட்டுச் சுகாதாரப் பாதுகாப்பு முகமை கணக்கிட்டது. இறந்தோரில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். ஆகவே வீட்டைக் குளிர்விப்பது குறித்த பேச்சை வசதிக்கான பேச்சு என்று ஒதுக்க இடமில்லை. எனினும் அதற்கு எவ்வளவு செலவிடுவது, எதில் செலவிடுவது என்பதைக் கணக்குப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கில் தமிழ்நாட்டு அனுபவம் ஹவுன்ஸ்லோ தமிழருக்குப் பாதி உதவும், பாதி வழிதவறச் செய்யும். சென்னையில் பழைய ஏசியை மாற்றிப் புதியது வாங்குவது பெரும்பாலும் லாபம்தான். இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம், செலவிடும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பத்தை அறையிலிருந்து ஒரு குளிரூட்டி வெளியேற்றுகிறது என்பதை அளந்து நட்சத்திரம் வழங்குகிறது. 2010இல் மூன்று நட்சத்திரத்துக்கு இந்த விகிதம் 2.7 இருந்தால் போதும்; 2022 ஜூலையில் திருத்தப்பட்ட விதியின்படி, ஆண்டு முழுவதற்குமான சராசரியாக 5 எட்டினால்தான் ஐந்து நட்சத்திரம் என்றாயிற்று. ஒரு படுக்கையறையிலிருந்து இரவுதோறும் 20 யூனிட் வெப்பத்தை அகற்ற வேண்டும் என்று கொண்டால், பழையது ஏழு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கேட்கும். புதியது நான்கோடு நிற்கும். ஆண்டில் 250 இரவு ஓடும் ஊரில் இது 800 யூனிட்டுக்கு மேற்பட்ட மிச்சம். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளுக்கும் கட்டண விகிதம் உயர்ந்துவிடும் தமிழ்நாட்டு முறையில், அந்த எல்லைக்குள் நின்றுவிடும் குடும்பத்துக்கு மிச்சம் இன்னும் கூடுதல். ஒரு யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும், நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் இயந்திரம் ஏழாண்டுக்குள் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும்.

ஹவுன்ஸ்லோவின் நிலை வேறு. ஹீத்ரோவில் ஜூலை மாதச் சராசரிப் பகல் உச்சம் ஏறத்தாழ 24 பாகை. இரவு வெப்பநிலை சராசரியாக 14 பாகை அளவுக்கு இறங்கிவிடும். அதாவது, கடும் வெப்ப அலை நாட்களிலும் கூடப் பெரும்பாலான இரவுகளில் வெளிக்காற்று வீட்டுக் காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கிறது. வெக்கை வெளியில் இருப்பதைவிட உள்ளே சிக்கிக்கொண்டிருப்பதுதான் இங்குள்ள துன்பம்.

அது சிக்கிக்கொள்ளும் விதத்தை ஹவுன்ஸ்லோவின் கட்டடங்களைப் பார்த்தாலே அறியலாம். ஹெஸ்டன், கிரான்ஃபோர்டு, ஹவுன்ஸ்லோ வெஸ்ட் ஆகிய பகுதிகளில் வரிசையாக நிற்கும் 1930களின் இரட்டை வீடுகள் முன்புறம் பெரிய வளைவு ஜன்னல்களோடு, குளிர்காலத்தின் அரிதான வெயிலை வரவேற்கவே கட்டப்பட்டவை. குடும்பம் பெருகியபின் அவற்றின் கூரைக்கடியை அறையாக்கி, சாய்கூரையில் கண்ணாடி பதித்தபோது, நண்பகல் சூரியனை நேராக வாங்கும் அறை ஒன்று வீட்டின் உச்சியில் உருவாயிற்று. பிரென்ட்ஃபோர்டு போன்ற இடங்களில் எழுந்துள்ள அடுக்குமாடிகளில் ஒரே பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள வீடுகளில் காற்று குறுக்கே ஓட வழியில்லை. புதிய குடியிருப்புகள் அளவுமீறிச் சூடாகாதபடி கட்டப்பட வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது 2022 ஜூன் 15இல்தான். அதற்கு முன் கட்டிய வீடுகளை அது தொடவில்லை.

கண்ணாடி வழியே நுழைந்த வெயிலை உட்புறத் திரை தடுப்பதாகத் தோன்றினாலும், வெயில் கண்ணாடியைக் கடந்த பிறகே திரையில் விழுகிறது. திரை அதை உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. வெளிப்புறத்தில் பொருத்தும் மடிப்புக்கதவு, சுருள்திரை, சாய்ப்பந்தல் ஆகியவை வெயிலைக் கண்ணாடியை அடையுமுன்பே நிறுத்திவிடுவதால் அவற்றின் பயன் பலமடங்கு. யாழ்ப்பாணத்து வீட்டுத் தாழ்வாரமும் தஞ்சாவூர்த் திண்ணைக்கு மேல் நீண்ட கூரையும் செய்த வேலை இதுவே. கூரைக்கடி அறையின் சாய்ஜன்னலுக்கு வெளியே மாட்டும் வலைத்திரை ஒரு குளிரூட்டியின் விலையில் சிறு பங்குதான், மின்சாரமும் கேட்காது. கூரை உட்புறத்தில் 270 மில்லிமீட்டர் கனத்துக்கு வெப்பத்தடுப்புப் பஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பதும் இதோடு சேர்ந்த வேலை; ஜனவரியில் வெப்பத்தை உள்ளே காக்கும் அப்பஞ்சு, ஜூலையில் ஓட்டுச்சூடு கீழிறங்காமலும் காக்கிறது.

இரவுக் காற்றை உள்ளே விட ஜன்னலைத் திறந்தால் போதும் என்று சொல்வது எளிது; ஆனால் இங்கே விமானங்கள் குறுக்கே நிற்கின்றன. ஹவுன்ஸ்லோ ஹீத் மழலையர் பள்ளியில் சிறுவர்கள் வெளியில் விளையாடும்போது இரைச்சலிலிருந்து ஒதுங்க மண்மூட்டைகளால் குவிமாடங்கள் கட்ட நேர்ந்தது என்றால், திறந்த ஜன்னலருகே உறங்குவதன் கடினத்தை விளக்க வேண்டியதில்லை. ஹீத்ரோவின் இரவு விமானங்களுக்கு ஆண்டுக்கு 5,800 என்ற வரம்பு இருந்தாலும், விடியலுக்கு முன்னரே, நாலரை மணியளவிலேயே, தரையிறக்கம் தொடங்கிவிடுகிறது. ஆகவே வெப்பம் தணியத் தொடங்கும் பின்மாலையிலிருந்து நள்ளிரவைத் தாண்டும்வரை மாடி ஜன்னலையும் கீழ்த்தள ஜன்னலையும் ஒருசேரத் திறந்து, விடியலுக்குமுன் மூடிவிடுவதே ஹவுன்ஸ்லோவுக்குப் பொருந்தும் வழக்கம். சூடான காற்று மேலேறி மாடிவழி வெளியேற, குளிர்ந்த காற்று கீழ்வழி உள்ளே வரும். மேற்குக் காற்று வீசும் நாட்களில் தரையிறங்கும் ஓடுபாதை பிற்பகல் 3 மணிக்கு மாற்றப்படுவதால், தம் தெருவுக்கு மேல் எந்த நேரம் ஓய்வு என்பதை அறிந்திருப்பதும் பயன்தரும். மின்விசிறி கோடைக்குப் போதுமான துணை என்றாலும், அறை 35 பாகையைத் தாண்டினால் அதன் காற்று உடலைக் குளிர்விக்காது. அந்நிலையில் அதை நம்ப வேண்டாம் என்பதே சுகாதார முகமையின் அறிவுரை.

இவ்வளவும் செய்தும் போதாத வீடுகள் உண்டு. முதியவர் தனித்து உறங்கும் அறை, இதயநோய் உள்ளவரின் அறை, ஓடுபாதையை நோக்கி நிற்பதால் எந்நேரமும் மூடியே இருக்கும் அறை ஆகியவற்றுக்கு இயந்திரம் தேவைதான். ஆனால் வெப்ப அலை வந்த மறுநாள் கடைக்கு ஓடி வாங்கும் சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி பணத்துக்கும் உடலுக்கும் சுமாரான பேரம். அது அறைக்காற்றைச் சூடாக்கி ஒற்றைக் குழாய் மூலம் ஜன்னல் வழியே வெளியே ஊதுகிறது. வெளியேறிய காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கிலும் ஜன்னல் சந்திலும் வெளியின் வெங்காற்று உள்ளே புகுகிறது. குளிர்வித்ததில் ஒரு பகுதியை அதுவே அழித்துக்கொள்கிறது. சுவரில் ஒரு பாகமும் வெளியில் ஒரு பாகமுமாகப் பொருத்தும் ஸ்பிளிட் ஏசிக்கு இக்குறை இல்லை; அதன் இன்வெர்ட்டர், தேவை குறையும்போது கம்ப்ரசரின் வேகத்தைக் குறைத்துச் சிறிதளவு மின்சாரத்திலேயே ஓடவிடுகிறது.

வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. பிரித்தானியாவில் ஒட்டப்படும் ஆற்றல் சீட்டில் ஒற்றைக் குழாய் இயந்திரத்துக்கும் ஸ்பிளிட்டுக்கும் அளவுகோல் வேறு. ஒற்றைக் குழாய் இயந்திரம் 2.6 என்ற விகிதத்திலேயே ‘ஏ’ தரம் பெற்றுவிடும். ஸ்பிளிட் அதே எழுத்தைப் பெறக் குறைந்தது 5.1 எட்ட வேண்டும். வெங்காற்று உள்ளே புகும் இழப்பு ஒற்றைக் குழாய்க்கான சோதனையில் சேர்வதில்லை என்பதால், உண்மை வேறுபாடு எழுத்து காட்டுவதைவிடப் பெரியது. ஒரே எழுத்து என்பதால் இரண்டும் சமம் என்று எண்ணி வாங்குவது ஆண்டுதோறும் நடக்கும் தவறு.

இனிக் கணக்கு. 2025இல் மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 26 பென்ஸ். ஒரு கிலோவாட் இழுக்கும் போர்ட்டபிள் ஏசியை ஆண்டில் 40 இரவு, இரவுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் 320 யூனிட், அதாவது 83 பவுண்டு. அதே அறையில் சராசரியாக 350 வாட் இழுக்கும் ஸ்பிளிட்டுக்கு 29 பவுண்டு. மிச்சம் 54 பவுண்டு. பொருத்துகூலியோடு 2,000 பவுண்டு ஆகும் என்று கொண்டால், குளிர்ச்சி ஒன்றால் மட்டும் முதல் திரும்ப 37 ஆண்டு வேண்டும். இயந்திரம் அவ்வளவு நாள் வாழாது. சென்னையில் பொருந்திய நியாயம் இங்கே பொருந்தாமல் போவது ஓடும் இரவுகளின் எண்ணிக்கையால்தான்.

ஆனால் ஸ்பிளிட் ஏசி திசைமாறி ஓடவும் வல்லது: வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து அறைக்குள் விடும் வெப்பப் பம்பு அது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை யூனிட் வெப்பம் தந்தால், அந்த வெப்பத்தின் விலை யூனிட்டுக்கு 7.4 பென்ஸ். 2025இல் எரிவாயு யூனிட் 6 முதல் 7 பென்ஸ் என்பதோடு பாய்லரின் இழப்பையும் சேர்த்தால் விலை ஏறக்குறைய அதேதான். ஆகவே எரிவாயுச் சூடேற்றம் உள்ள வீட்டில் மாற்றத்தால் பெரிய மிச்சம் இல்லை. நேர் மின்சார ஹீட்டரால் சூடாகும் அறைகளில்தான் லாபம் கிட்டுகிறது. கூரைக்கடி அறையில் 1.5 கிலோவாட் ஹீட்டர் தினம் நான்கு மணி நேரமாக 120 நாள் ஓடினால் 187 பவுண்டு. ஸ்பிளிட் அதே வெப்பத்தை 53 பவுண்டில் தரும். கோடை மிச்சத்தையும் கூட்டினால் ஆண்டுக்கு 188 பவுண்டு, பதினோராண்டுக்குள் முதல் கைக்கு வந்துவிடும். எரிவாயு இணைப்பே இல்லாத அடுக்குமாடி வீட்டில் கணக்கு இன்னும் சாதகம்.

வாங்கத் துணிந்தபின் சில காவல்கள் தேவை. குளிரூட்டும் வாயுவைக் கையாளச் சான்றிதழ் பெற்றவரே பொருத்த வேண்டும் என்பது பிரித்தானியச் சட்டம். பழைய இயந்திரங்களின் ஆர்-410ஏ வாயு, கசிந்தால் கரியமில வாயுவைப்போல் 2,088 மடங்கு புவியைச் சூடாக்கும். ஆர்-32க்கு அது 675 மடங்கு. படுக்கையறைக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை, 2.5 கிலோவாட் குளிர்த்திறன், தமிழ்நாட்டுக் கணக்கில் முக்கால் டன்னுக்கும் சற்றுக் குறைவு, பெரும்பாலும் போதும். வெளிப்பாகத்தை மாட்டுமுன் வாடகை வீட்டில் உரிமையாளரிடமும் அடுக்குமாடியில் நில உரிமையாளரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். திட்ட அனுமதி தேவையா என்பதை ஹவுன்ஸ்லோ கவுன்சிலிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

எனவே ஹவுன்ஸ்லோ குடும்பம் ஒன்று இருநூறு பவுண்டு வைத்திருந்தால் அதை வெளிப்புறத் திரைக்குச் செலவிடட்டும். ஈராயிரம் வைத்திருந்து, மின்சார ஹீட்டரால் சூடாகும் அறையும் இருந்தால், ஸ்பிளிட் வாங்கட்டும். பொருத்துநர்கள் ஓய்வாக இருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே விலை கேட்டு, குறைந்தது மூவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கிவிடுவது நல்லது.