வீட்டுக்குள் ஒரு பட்டிமன்றம்

'வாயாடி' என்று பேர் வாங்காத பெண் நம்மில் யார்? சின்ன வயசில் நான் எதிர்த்து ஒரு கேள்வி கேட்டால் போதும், "பொம்பளப் பிள்ளைக்கு என்ன வாய்?" என்று அம்மா தலையில் ஒரு குட்டு வைப்பாள். ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டி.வி.யில் பட்டிமன்றம் வந்தால், மேடையில் ஒரு பெண் வெளுத்து வாங்குவதைப் பார்த்து நாமேதான் கை தட்டுகிறோம். வேடிக்கைதான், இல்லையா?

எங்கள் சுந்தரபாண்டியம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் உள்ள நெசவு ஊர். வாதத்துக்கும் எங்கள் சீமைக்கும் பழைய பந்தம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து மாலை கட்டிக்கொண்டிருந்த பெரியாழ்வார், மதுரைக்குப் போய்ப் பாண்டியன் சபையில் வாதம் செய்து பொற்கிழி ஜெயித்து வந்தார் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை.

பட்டிமன்றமும் நேற்று முளைத்ததல்ல. வாதம் செய்யத் தெரிந்தவர்கள் பட்டிமண்டபம் ஏறலாம் என்று புகார் நகரத்தில் முரசறைந்து சொன்னதாக மணிமேகலையில் வருகிறது. நீலகேசி என்ற சமணக் காப்பியத்திலோ, வாதம் செய்து ஜெயிப்பவளே ஒரு பெண்தான்! நம் காலத்தில் இதற்கு மேடை போட்டுக் கொடுத்ததில் காரைக்குடி கம்பன் கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1939-ல் சா. கணேசன் தொடங்கிய கழகம் அது. குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்கார்ந்து இதை வளர்த்தார். மதுரை சாலமன் பாப்பையா, கணவனா மனைவியா, மாமியாரா மருமகளா என்று நம் வீட்டு விவகாரத்தையே பட்டிமன்றத்தில் பேச வைத்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன்.

என் மகள் ப்ளஸ் டூ முடித்ததும் மதுரையில் நர்சிங் படிக்க வேண்டும் என்றாள். நாலு வருஷம், ஹாஸ்டல். "பக்கத்துக் காலேஜுல பஸ்ஸுல போயிட்டு வர்ற மாதிரி ஏதாச்சும் படிக்கட்டும்" என்றார் இவர். அவள் அழுதாள், இவர் கத்தினார். மூணு நாள் வீட்டில் தறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு ராத்திரி தூக்கம் போய்த் தலைவலிதான் மிச்சம்.

நாலாம் நாள் ராத்திரி ஒரு யோசனை தோன்றியது. பள்ளிப் பேச்சுப் போட்டியில் அவளுக்குப் பிடிக்காத அணியில்தான் ஒரு தடவை பேச விட்டார்கள். "எதிர்க்கட்சி நியாயம் அப்பத்தாம்மா புரிஞ்சுது" என்று வந்து சொன்னாள். அது ஞாபகம் வந்தது.

"என்னங்க, அவ பக்கத்தை நீங்க பேசுங்க. உங்க பக்கத்தை அவ பேசட்டும். அத்தை நடுவர்" என்றேன். இவர் முறைத்தார். "பேசுப்பா, பாப்போம்" என்று மாமியார் சொன்னதும் மறுக்க முடியவில்லை.

முதலில் மகள் எழுந்தாள். "எங்கிட்ட இருக்கிறது ஒரு தறி. கண்ணும் மங்கிட்டு வருது. கடன் வாங்கிட்டு அடைக்க முடியலைன்னா யார்கிட்டப் போய் நிப்பேன்? ராத்திரி எம்புள்ளைக்குக் காய்ச்சல்னா மதுரைக்கு நான் எப்படி ஓடுவேன்?" என்று அப்பாவாகவே பேசினாள். இவர் தலை குனிந்துவிட்டது. அவர் இதையெல்லாம் வாய் விட்டுச் சொன்னதே இல்லை.

இவர் முறை வந்தது. இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். "எங்கப்பா பன்னெண்டு வயசுல தறியில உக்காந்தாரு. என்ன படிக்கணும்னு அவரை யாரும் கேக்கலை. என்னையாவது கேளுங்க" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தீர்ப்பு? "ரெண்டு பேரும் போய் ஹாஸ்டலைப் பாருங்க. பேங்க்ல கடனைப் பத்தி விசாரிங்க. பிறகு பேசலாம்." அவ்வளவுதான். போய்ப் பார்த்தார்கள், விசாரித்தார்கள். இப்போது அவள் இரண்டாம் வருஷம். கடனை நினைத்து இவர் இன்னும் முணுமுணுக்கத்தான் செய்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் போன் இவருடையதுதான்.

நன்னூலில் ஏழு வகை மதம் சொல்லியிருக்கிறது. அதில் ஒன்று, அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு விலக்குவது. எத்தனை அனுபவப்பட்டுச் சொன்னார்களோ!

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால், நான் கற்றுக்கொண்ட நாலு விஷயங்கள்:

கோபம் ஆறிய பிறகு, வயிறு நிறைந்த வேளையில் உட்காருங்கள். பசியோடு பேசினால் சண்டைதான்.

ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. நடுவருக்கும் இது உண்டு.

ஒரே விஷயத்தைப் பேசுங்கள். கல்யாணத்தில் சீர் குறைந்த கதையெல்லாம் அன்றைக்கு வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளிடம் சின்னதாகத் தொடங்குங்கள். 'இட்லியா தோசையா' என்பதே போதும். காரணம் சொல்லப் பழகிய பிள்ளை தரையில் புரண்டு அழுவது குறையும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. கை ஓங்குகிற வீட்டில் இது செல்லாது. அங்கே வேண்டியது பட்டிமன்றமல்ல, பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வீடுகளில் 'வாயாடி' என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். நம் பிள்ளைகள் வாதாடட்டும். அடுத்தவர் நியாயத்தையும் சேர்த்துப் பேசக் கற்றுக்கொள்ளட்டும்.