பக்கத்து வீட்டுக் கடனை நான் ஏன் கட்டணும்?

ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். இரண்டும் கடன் போட்டு வாங்கியவை. முதல் வீட்டு அம்மாள் சிக்கனக்காரி. பழைய காரையே ஓட்டுகிறாள். லீவு வந்தால் ஊர் சுற்றக் கிளம்புவதில்லை. சம்பளம் வந்ததும் முதலில் வீட்டுத் தவணையைக் கட்டிவிட்டுத்தான் மளிகைச் செலவைப் பார்ப்பாள். அடுத்த வீட்டில் அப்படியில்லை. சக்திக்கு மீறிய வீடு, சக்திக்கு மீறிய கடன். நாலு மாதமாகத் தவணை பாக்கி. வீடு ஏலத்துக்கு வரப்போகிற சமயத்தில் அரசாங்கம் குறுக்கே வந்து, "கவலை வேண்டாம், உங்கள் தவணையைக் குறைக்க ஏற்பாடு செய்கிறோம்" என்கிறது. அதற்குப் பணம்? முதல் வீட்டு அம்மாளும் சேர்ந்து கட்டிய வரிப் பணம்தான்!

அவளுக்கு வயிறு எரியுமா, எரியாதா? நீங்களே சொல்லுங்கள்.

2009-ஆம் ஆண்டு அமெரிக்கா முழுவதும் கிளம்பிய வயிற்றெரிச்சல் இதுதான். அந்தக் கோபம் ஊர்வலமாகி, அரசியலாகி, தேர்தல் முடிவு வரைக்கும் போயிற்று. பணக்கார நாட்டுச் சங்கதி நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! வீடு, கடன், தவணை, அக்கம்பக்கம் என்று வந்துவிட்டால் எந்த ஊரிலும் அது குடும்பத் தலைவியின் தலையில்தானே வந்து விடிகிறது?

தேன் தடவிய கடன்

அமெரிக்காவில் வீட்டுக் கடன் என்றால் பொதுவாக 30 வருஷம், கடைசி வரை ஒரே வட்டி. மாதா மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று முதல் நாளே தெரிந்துவிடும். 2000-க்குப் பிறகு வீட்டு விலை மளமளவென்று ஏற, வேறு வகைக் கடன்களும் பெருகின. முதல் இரண்டு வருஷம் குறைந்த வட்டி. மீதி 28 வருஷமும் சந்தை நிலவரப்படி மாறுகிற வட்டி! நாக்கில் தேனைத் தடவிவிட்டுப் பிறகு வேப்பெண்ணெய் கொடுக்கிற மாதிரி.

பல இடங்களில் வருமானத்துக்கு அத்தாட்சி கூடக் கேட்கவில்லை. வருமானம் இல்லை, வேலை இல்லை, சொத்து இல்லை என்பதற்கான ஆங்கில வார்த்தைகளின் எழுத்துக்களைச் சேர்த்து, 'நிஞ்சா கடன்' என்று கேலிப் பெயரே வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கொடுத்தவர்களுக்குப் பயமில்லையா? எப்படி இருக்கும்? கடன்களை அவர்கள் கையிலேயே வைத்துக்கொள்ளவில்லை. கட்டுக் கட்டாகச் சேர்த்து வால் ஸ்ட்ரீட்டில் விற்றுவிட்டார்கள். கமிஷன் கைக்கு வந்தாயிற்று. பணம் திரும்பி வருமா என்பது வேறு யாருடைய கவலையோ. வாங்கியவர்களுக்கோ இன்னொரு தைரியம். "வீட்டு விலை ஏறிக்கிட்டேதானே இருக்கு? வட்டி ஏறுறதுக்குள்ளே வேறே கடன் வாங்கி இதை அடைச்சுடலாம்" என்ற கணக்கு.

2006-ல் விலை ஏறுவது நின்றது. அப்புறம் சரிவுதான். 2012-க்குள் நாடு முழுவதும் சராசரியாக நாலில் ஒரு பங்குக்கு மேல் விலை விழுந்தது. லாஸ் வேகாஸ் நகரத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது. வீட்டின் விலையை விடக் கடன் பாக்கி அதிகம் என்ற நிலைமைக்கு அங்கே 'தண்ணீருக்கு அடியில் போன வீடு' என்று பெயர். 2009 கடைசியில், கடன் உள்ள வீட்டுக்காரர்களில் நாலு பேருக்கு ஒருவர் போல இந்த நிலையில் இருந்தார்கள். அந்த அக்டோபரில் வேலையில்லாதோர் விகிதம் 10 சதவிகிதத்தைத் தொட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தவணை தவறியவர்கள் எல்லோரும் ஆடம்பரக்காரர்கள் இல்லை. ஒழுங்காகக் கட்டிவந்தவர்களில் பலருக்குத் திடீரென்று வேலை போயிற்று. வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாம் என்றாலோ விலை போகவில்லை. ஆனால் வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு யார் ஊதாரி, யார் பாவம் என்று எப்படித் தெரியும்?

அறிவிப்பும் ஆத்திரமும்

2009 பிப்ரவரி 18-ஆம் தேதி அரிசோனா மாநிலத்தில் மேசா என்ற ஊரில் ஜனாதிபதி ஒபாமா திட்டத்தை அறிவித்தார். தவணையைக் குறைக்க 7,500 கோடி டாலர். 30 முதல் 40 லட்சம் குடும்பங்களின் கடன் நிபந்தனைகளைத் திருத்துவது நோக்கம். பேராசையால் கடன் வாங்கியவர்களுக்கும் பொறுப்பில்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கும் இந்த உதவி இல்லை என்றும் அவர் சொன்னார்.

மறுநாளே வெடித்தது. ரிக் ஸான்டெல்லி என்ற டெலிவிஷன் நிருபர் சிகாகோ வியாபாரச் சந்தைக் கூடத்தில் நின்றபடி, வீட்டில் ஒரு பாத்ரூம் கூடுதலாகக் கட்டிக்கொண்டு கடனைக் கட்ட முடியாத பக்கத்து வீட்டுக்காரருக்காக யார் பணம் கொடுப்பீர்கள் என்று சுற்றியிருந்தவர்களைக் கேட்டார். ஒரே கூச்சல்! சிகாகோவில் ஒரு 'தேநீர் விருந்து' நடத்தப் போவதாகவும் சொன்னார். 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் வரியை எதிர்த்துத் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதை நினைவுபடுத்துகிற பெயர் அது. அந்தப் பேச்சு நாடு முழுவதும் பரவியது. ஏப்ரல் 15, வருமான வரிக் கணக்குக் கொடுக்கிற கடைசி நாளில் ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன. 'தேநீர் விருந்து' இயக்கம் வளர்ந்து, 2010 நவம்பர் தேர்தலில் ஒபாமாவின் கட்சி கீழ்ச்சபையில் 63 இடங்களை இழந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

கோபப்பட்டவர்கள் யார்? ஒழுங்காகக் கட்டியவர்கள் ஒரு பக்கம். "நாங்க வாயைக் கட்டி வயித்தைக் கட்டி அடைச்சோம். எங்களுக்கு ஒரு சபாஷ் கூட இல்லை. அடைக்காதவங்களுக்குப் பரிசா?" என்கிற ஆதங்கம். இன்னொரு பக்கம், அதிகம் பேசப்படாத வாடகை வீட்டுக்காரர்கள். நம் வருமானத்துக்குக் கட்டாது என்று வீடே வாங்காமல் இருந்தவர்கள் அவர்கள். ஏற்கனவே அந்த நாட்டில் வீட்டுக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு. வாடகைக்கு அந்தச் சலுகை இல்லை. அதாவது, "எங்களுக்கு ஒண்ணும் கிடைக்கலை" என்று புலம்பிய வீட்டுக்காரர்களில் பலருக்கும் வரிச் சலுகை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது! இரண்டு தடவையும் விடுபட்டவர்கள் வாடகைக்குக் குடியிருந்தவர்கள்தான்.

எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது வேறு ஒரு சங்கதி. 2008 அக்டோபரில் பாங்குகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலருக்குச் சட்டம் போட்டார்கள். அரசாங்கம் தூக்கி நிறுத்திய ஏ.ஐ.ஜி. என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி, 2009 மார்ச்சில் தன் அதிகாரிகளுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது! பாங்குகள் வாங்கியதைப் பிற்பாடு பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிட்டன என்பது வாஸ்தவம். ஆனால் அன்றைக்குப் பார்த்த ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

திட்டம் என்ன செய்தது?

தவணைத் திட்டத்தின் கணக்கை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 4,000 டாலர். வீட்டுத் தவணை, வீட்டு வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 1,700 டாலர். இதை வருமானத்தில் 31 சதவிகிதத்துக்கு, அதாவது 1,240 டாலருக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் வட்டியை 2 சதவிகிதம் வரை குறைக்கலாம். போதாவிட்டால் கடன் காலத்தை 40 வருஷம் வரை நீட்டலாம். அதுவும் போதாவிட்டால் அசலில் ஒரு பகுதியை வட்டியில்லாமல் ஒத்திவைக்கலாம். 38 சதவிகிதம் வரை குறைக்கிற பாரம் கடன் கொடுத்தவருடையது. அதற்குக் கீழே 31 வரை வருவதில் அரசாங்கம் பாதி கொடுக்கும். குறைந்த வட்டியும் ஐந்து வருஷத்துக்குத்தான். பிறகு படிப்படியாக ஏறும். ஆரம்பத்தில் குடியிருக்கிற வீட்டுக்கு மட்டுமே இந்த உதவி.

கவனித்தீர்களா? ஊதாரி கையில் யாரும் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கடன் முழுதாக ரத்தாகவும் இல்லை. வீட்டுக்காரர் ஒழுங்காகக் கட்டினால் வருஷத்துக்கு 1,000 டாலர் வரை அசலில் கழியும்.

சரி, எத்தனை பேருக்குப் பலன்? திட்டம் 2016 கடைசியில் முடிந்தது. நிரந்தரமாகத் தவணை திருத்தப்பட்டவை 16 லட்சத்துக்கு மேல். சொன்ன 30, 40 லட்சம் எங்கே! தவணை வசூலிக்கிற கம்பெனிகளிடமே திட்டத்தை நடத்துகிற பொறுப்பை விட்டுவிட்டார்கள். அனுப்பிய காகிதங்கள் காணாமல் போயின. மறுபடி அனுப்பு என்றார்கள். மூன்று மாத வெள்ளோட்டம் என்றது பல மாதம் இழுத்தது. கடைசியில் "உங்களுக்குத் தகுதியில்லை, குறைத்துக் கட்டிய பாக்கியை மொத்தமாக வை" என்று நோட்டீஸ் வாங்கியவர்களும் உண்டு. சுமார் 40 லட்சம் விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன என்று 2015-ல் அரசாங்கத்தின் தனித் தணிக்கை அலுவலகமே குறை சொன்னது. வரி கட்டியவருக்கும் திருப்தியில்லை, கஷ்டப்பட்டவருக்கும் திருப்தியில்லை!

பூட்டிய வீடும் கொசுவும்

"அவங்க வீடு போனா எனக்கென்ன?" என்று கேட்கத் தோன்றும். கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரம் இருக்கும் கெர்ன் மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். கடன் கட்ட முடியாத குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பின. பின்கட்டில் இருந்த நீச்சல் குளங்களைக் கவனிக்க ஆளில்லை. தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகியது, கொசு முட்டையிட்டது. 2007 கோடையில், கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் காய்ச்சல் அங்கே மனிதர்களிடம் 276 சதவிகிதம் அதிகமானதற்கு இந்தக் குளங்களோடு தொடர்பு இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் எழுதினார்கள்.

தவணையை நாள் தவறாமல் கட்டிய வீட்டுக் குழந்தையைக் கொசு கடிக்காமல் விட்டதா? ஏலத்துக்குப் போகிற வீட்டால் பக்கத்து வீட்டின் விலையும் குறைகிறது. குடும்பங்கள் வெளியேறினால் தெருக்கோடிக் கடைக்காரருக்கு வியாபாரம் போகிறது. அக்கம்பக்கத்தில் தீப்பிடித்தால், முதலில் அணைத்துவிட்டுத்தானே யார் அடுப்பை அணைக்காமல் போனது என்று விசாரிக்கிறோம்?

முன்னொரு காலத்தில்

இதே நாட்டில் 1933-ல், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்தில், வீட்டுக்காரர் கடனுக்கென்றே ஓர் அரசாங்க நிறுவனம் ஏற்படுத்தினார்கள். முங்கிப்போகும் கடன்களை அது பாங்குகளிடமிருந்து வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் 15 வருஷத் தவணை, 5 சதவிகித வட்டி என்று வீட்டுக்காரருக்கு மாற்றிக் கொடுத்தது. சுமார் 10 லட்சம் கடன்கள். ஐந்தில் ஒரு குடும்பம் போல அப்படியும் வீட்டை இழந்தது. மற்றவர்கள் கட்டி அடைத்தார்கள். 1951-ல் கணக்கை முடித்தபோது கையில் சிறிது லாபம் கூட மிஞ்சியது!

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? முன்னதில் அரசாங்கமே கடனைக் கையில் எடுத்து, தானே வசூலித்தது. கொடுத்தது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று கணக்குக் காட்ட முடிந்தது. பின்னதில் கணக்கு தரகர்களின் கையில் இருந்தது. வரி கட்டுகிறவர்கள் இரக்கமில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. தாங்கள் கொடுத்தது யாருக்கு, எந்த நிபந்தனையில் போகிறது என்று தெரிந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது, அரசாங்க ஆதரவுள்ள வீட்டுக் கடன்களுக்கு முதலில் 180 நாள், பிறகு இன்னும் 180 நாள் தவணையைத் தள்ளிவைக்க அங்கே சட்டம் செய்தார்கள். 2009 மாதிரிக் கூக்குரல் கிளம்பவில்லை. நோய்க்கு யாரைக் குற்றம் சொல்வது?

ஒழுங்காகக் கட்டியவளின் ஆதங்கம் நியாயமானது என்றே சொல்வேன். ஆனால் அது பாய வேண்டிய இடம் வேலை போய் நிற்கிற பக்கத்து வீடு இல்லை. கட்ட முடியாது என்று தெரிந்தே கடனைத் திணித்துவிட்டுக் கமிஷனோடு போனவர்கள் இருக்கிறார்களே, கேள்வி அவர்களிடம் போயிருக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் குடும்பத் தலைவிகள் கேட்க வேண்டிய சில கேள்விகள்:

1. இந்த வட்டி கடைசி வரை இதேதானா, மாறுமா? இரண்டு சதவிகிதம் ஏறினால் தவணை எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள்.

2. வீட்டுக்குப் போகிற மொத்தச் செலவு குடும்ப வருமானத்தில் எத்தனை பங்கு? மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசியுங்கள்.

3. ஒருவர் சம்பளம் நின்றால் ஆறு மாதம் தவணை கட்டச் சேமிப்பு இருக்கிறதா?

4. "விலை ஏறும், விற்றுக்கொள்ளலாம்" என்று யாராவது சமாதானம் சொன்னால், ஏறாவிட்டால் என்ன என்று திருப்பிக் கேளுங்கள்.

5. கஷ்டம் வந்துவிட்டால் மறைக்க வேண்டாம். முதல் தவணை தவறுமுன்பே பாங்குக்குப் போய்ப் பேசுங்கள். பேசியதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்குவது தப்பில்லை. கணக்குத் தெரியாமல் வாங்குவதுதான் ஆபத்து. அந்தக் கணக்கைக் கணவரிடம் மட்டும் விட்டுவிடாமல் நாமும் உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.