'அம்மா, நீ தொடாத... இது நான் செய்யுறேன்!' - குட்டீஸே செய்து கொடுக்க சில கைவினைப் பரிசுகள்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எந்த ஸ்டேஷனரி கடையில் நின்றாலும் இந்தக் குரலைக் கேட்கலாம். "அண்ணே, நாளைக்கு கிராஃப்ட் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. ரெடிமேடா ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் கொஞ்சமும் அசராமல் உள்ளேயிருந்து ஒரு தெர்மாகோல் வீட்டை எடுத்து வைப்பார். ஐஸ் குச்சி வேலி, பச்சைக் காகிதப் புல்வெளி எல்லாம் கச்சிதமாக இருக்கும். பக்கத்தில் தூக்கக் கலக்கத்தில் நிற்கும் யு.கே.ஜி குழந்தையின் பெயரில்தான் மறுநாள் அந்த வீடு பள்ளிக்குப் போகும்.

வீட்டிலேயே செய்கிறவர்களின் கதையும் இதிலிருந்து ரொம்ப தூரமில்லை. அம்மா வெட்டுவார், அப்பா ஒட்டுவார், அக்கா பெயின்ட் அடிப்பாள். குழந்தை நடுவில் கையை நீட்டினால், "தொடாத, கெட்டுப் போயிடும்!" கடைசியில் பெயர் எழுதுவது மட்டும் அதன் வேலை. அதுவும் கோணலாக வந்துவிடக் கூடாது என்று பல வீடுகளில் அம்மாவே எழுதிவிடுகிறார்.

இதில் உண்மையில் அடிபடுவது, வகுப்பில் யாரோ ஒருவருடைய வீட்டில் தானாகவே எதையோ செய்து எடுத்துக்கொண்டு வந்த குழந்தைதான். பெரியவர்கள் செய்த பத்துப் பதினைந்து தாஜ்மஹால்களுக்கு நடுவே தன் சாய்ந்த வீட்டை வைக்கும்போது, 'எனக்குத்தான் செய்ய வரலை' என்று அது முடிவு செய்துவிடும். ஆறு வயதில் எடுத்த அந்த முடிவை மாற்றுவது சுலபமில்லை.

பள்ளி புராஜெக்ட்டை ஒரே நாளில் திருத்திவிட முடியாது. ஆனால், பரிசு விஷயத்தில் நம் கையில்தான் எல்லாம் இருக்கிறது. பாட்டியின் பிறந்தநாள், பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குப் பெயர் வைப்பது, ஆசிரியர் தினம், நவராத்திரிக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பது... இதற்கெல்லாம் யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. குழந்தை முழுசாகத் தன் கையால் செய்து கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அதற்கு முதல் வேலை, குழந்தையின் கைக்கு எட்டுகிற பொருளாகத் தேர்ந்தெடுப்பது. மூன்று வயதுக் குழந்தையால் பெரிய மணிகளை நூலில் கோக்க முடியும், வரைந்து காட்டினால் வட்டம் போட முடியும். கத்தரிக்கோலைக் கொடுத்தால் காகித ஓரத்தை 'கிச் கிச்' என்று நறுக்கும், அவ்வளவுதான். கோட்டைப் பிடித்து வெட்டுவதெல்லாம் நாலு, ஐந்து வயதில் வருகிற சமாசாரம். மூன்று வயதிடம் இதய வடிவத்தை வெட்டச் சொன்னால், அடுத்த நிமிஷம் கத்தரிக்கோல் அம்மா கைக்கு வந்துவிடும். யூடியூபில் வரும் 'ஈஸி கிராஃப்ட்' வீடியோக்களில் பாதி, முப்பது வயதுக்காரருக்குத்தான் ஈஸி.

மஞ்சளில் ஒரு மேஜிக்

அடுக்களையிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கெட்டியான வெள்ளைத் தாளில் பஞ்சால் தடவிக் காயவைக்க வேண்டும். தடவுவதும் குழந்தையின் வேலைதான். பழைய சட்டையைப் போட்டுவிட்டு, தரையில் செய்தித்தாளை விரித்துவிடுங்கள். மஞ்சள் கறை துணியில் லேசில் போகாது.

தாள் காய்ந்ததும், இரண்டு ஸ்பூன் தண்ணீரில் அரை ஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்துக் கொடுங்கள். குளியல் சோப்பைக் கரைத்த தண்ணீரும் போதும். காது குடையும் பட்ஸை அதில் தோய்த்து, மஞ்சள் தாளில் குழந்தை எதை வேண்டுமானாலும் வரையட்டும். கிண்ணத்தில் நிறமே இல்லாத தண்ணீர், தாளைத் தொட்டதும் செங்கல் சிவப்பாக மாறும். அந்த ஒரு நொடியில் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இது நம் வீட்டுக்குப் புதுசே இல்லை. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பைச் சேர்த்துச் சிவக்க வைத்து ஆரத்தி எடுக்கிறோமே, அதே விஷயம்தான். மஞ்சளில் உள்ள குர்குமின், காரத்தன்மை உள்ள எதைத் தொட்டாலும் சிவக்கும். பல வருஷங்கள் பாடமாக இருந்த என்.சி.இ.ஆர்.டி-யின் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலும், 'அமிலம், காரம்' பாடத்தில் அம்மாவின் பிறந்தநாளுக்கு இப்படி ஒரு வாழ்த்து அட்டை செய்யச் சொல்லியிருந்தார்கள். அந்த வயது அக்கா, அண்ணன் வீட்டில் இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். படித்து மறந்தது ஞாபகத்துக்கு வரும். குழந்தைகளுக்குச் சுண்ணாம்பு மட்டும் வேண்டாம். கண்ணில் பட்டால் ஆபத்து.

சிவந்த இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்பவும் மஞ்சளாகிவிடும். இதைத் தெரிந்துகொண்ட குழந்தை, வரைவதை விட்டுவிட்டு அழிப்பதிலேயே அரை மணி நேரம் போக்கும். போகட்டும். இன்னொரு தாள் கொடுத்தால் போச்சு.

ஒன்று மட்டும். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்கும். அட்டையை வாங்குகிற பாட்டியிடம், ஜன்னல் ஓரத்தில் வைக்காமல் புத்தகத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

கல்யாணப் பத்திரிகையும் வெண்டைக்காயும்

எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருக்கும். தூக்கிப் போட மனசு வராது, வைக்கவும் இடமிருக்காது. அந்தக் கெட்டி அட்டையும் உள்ளே வரும் வழவழ தாளும், கடையில் காசு கொடுத்து வாங்கும் கிராஃப்ட் பேப்பரைவிடத் தரமானவை. அச்சில்லாத பக்கம் வெளியே வருவது மாதிரி மடித்து இரண்டு ஓரத்தை ஒட்டினால் கவர் ரெடி. நவராத்திரிக்கு வரும் குழந்தைகளுக்குச் சின்னப் பரிசு வைத்துக் கொடுக்கலாம், மொய்க் கவராகவும் ஆகும். மடிப்பதற்கான கோட்டைப் பெரியவர்கள் ஸ்கேலை வைத்து அழுத்திக் கொடுத்துவிட்டால், நாலு வயதுக் குழந்தை தானாகவே மடித்துவிடும்.

அலங்காரத்துக்கு வெண்டைக்காய். முற்றலாக இருந்தால் இன்னும் நல்லது. குழம்புக்கு ஆகாத காய்க்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி! குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் மாதிரி ஒரு பூ தெரியும். வெட்டிய உடனே உபயோகித்தால் கொழகொழப்பில் வண்ணம் ஒட்டாது. துணியால் ஒற்றிவிட்டு, பத்து நிமிஷம் காற்றாட வையுங்கள். வண்ணத்துக்கு பீட்ரூட் சாறு, மஞ்சள் எது வேண்டுமானாலும் எடுக்கலாம். வெறும் சாறாக இருந்தால் தாளில் ஓடும். மைதாவைத் தண்ணீரில் காய்ச்சிய பசையில் கலந்துகொண்டால் அச்சு நிற்கும்.

வரிசையாக, ஒரே இடைவெளியில் அச்சு வைக்கச் சொல்லாதீர்கள். ஒரே இடத்தில் பதினெட்டுப் பூக்களை அடுக்குவதுதான் அதற்குச் சந்தோஷம் என்றால் அப்படியே இருக்கட்டும்.

தாத்தா பாட்டிக்கு ஒரு குட்டிக் கை

வெளியூரில் இருக்கும் தாத்தா, பாட்டிக்கு அனுப்ப, உப்பு மாவில் பதித்த உள்ளங்கை அச்சைவிட நல்ல பரிசு கிடையாது. ஒன்றரை வயதுக் குழந்தையிலிருந்து இதைச் செய்யலாம்.

இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு. தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரை பிடிக்கும். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாக, கையில் ஒட்டாத பதத்தில் பிசைந்து, அரை அங்குல கனத்துக்கும் கொஞ்சம் குறைவாகத் தட்டி, வட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கையை விரித்து அழுத்தினால் ரேகை வரை பதியும். தொங்கவிட வேண்டுமென்றால் காய்வதற்கு முன்பே மேலே ஒரு ஓட்டை போட்டுவிட வேண்டும். காய்ந்த பிறகு குத்தினால் இரண்டாகப் பிளந்துவிடும்.

எடுத்தவுடன் உச்சி வெயிலில் வைத்தால் விரிசல் விடும். முதல் நாள் நிழலில் வைத்து, மறுநாளிலிருந்து வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டால் மூன்று நாலு நாளில் கல் மாதிரி ஆகிவிடும். வடகம் காயும் மொட்டை மாடியிலேயே ஓர் ஓரமாக வைக்கலாம். காக்காய்க் காவலும் ஒரே செலவில் முடியும்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உப்பு, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் சென்னை வீட்டுச் சுவரில் மாட்டினால் சில நாளிலேயே நசநசத்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் பெயின்ட் அடித்து, அதன் மேல் பெரியவர்கள் ஒரு கோட் வார்னிஷ் பூசிவிட்டால் தாங்கும். மாவைக் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். இவ்வளவு உப்பு சின்ன வயிற்றுக்கு ஆகவே ஆகாது. வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டாமல் வையுங்கள்.

தாத்தாவுக்குத்தான் தெரியும்

ஊருக்குப் போகும்போது, செய்முறை தேட வேண்டிய அவசியமே இல்லை. தென்னை ஓலையில் வாட்ச், கண்ணாடி, பாம்பு, பீப்பீ செய்யத் தெரிந்த ஒருவராவது அந்தத் தெருவில் இருப்பார். கோடையில் நுங்கு தின்ற பிறகு எறியும் காயில் இரண்டை எடுத்து, ஒரு குச்சியைக் குறுக்கே செருகி, கவட்டை உள்ள நீளக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. இதை வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொள்வதைவிட, தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைப் பார்த்துக் கற்றுக்கொள்வது சீக்கிரம் கைக்கு வரும். பேரனுக்கும் தாத்தாவுக்கும் பேச ஒரு விஷயமும் கிடைக்கும். 'படிப்பு எப்படிப் போகுது' என்ற கேள்விக்குப் பிறகு பல வீடுகளில் அவர்களுக்குள் பேச்சு நின்றுவிடுகிறது.

கையில் கிடைப்பதை வைத்தே பொம்மை செய்யலாம் என்பதை இந்தியா முழுக்கக் கொண்டு போனவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி-யில் இன்ஜினீயரிங் படித்தவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப்பையும் இணைத்து அவர் செய்த உருவங்கள் ஏராளமான பள்ளிகளுக்குப் போயின. 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவருடைய பொம்மைகளில் பெரும்பாலானவை, நாம் குப்பையில் போடும் பொருள்களில் செய்தவைதான்.

'நல்லா செஞ்சா சாக்லேட்!'

குழந்தையை உட்கார வைக்க நாம் எல்லோரும் எடுக்கும் ஆயுதம் இது. ஆனால், இது எதிர்வேலை செய்யலாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நர்சரி பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் நடத்திய பரிசோதனை ஒன்று 1973-ல் வெளியானது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள். சிலரிடம் மட்டும், 'வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம்' என்று முன்பே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமலேயே கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் ஸ்கெட்ச் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்கு ஆசைப்பட்டு வரைந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள்.

'சூப்பர்!' என்று கத்துவதற்குப் பதில், "இந்த ஊதா ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கதையே வரும்.

இதெல்லாம் பக்கத்திலேயே வராமல் இருக்கட்டும்

மூன்று வயதுக்குள் இருந்தால் சின்ன மணி, பட்டன், ஜிகினாக் கல் எதுவும் வேண்டாம். எல்லாம் வாய்க்குத்தான் போகும். ஒரு சொட்டில் ஒட்டும் பசையும், சுடச்சுட ஊற்றும் குளூ கன்னும் பெரியவர்கள் கையோடு நிற்கட்டும். எல்லாவற்றையும்விட ஆபத்து, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும் மினுக்கும் எல்.இ.டி அகலிலும் இருக்கும் குட்டி வட்ட பேட்டரி. அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குட்டிக் காந்தங்களும் அப்படித்தான்.

கடைசியாக ஒரு பிரச்னை. ஆறு மாதத்தில் இந்தப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஷோகேஸ், ஃப்ரிட்ஜ் கதவு, டி.வி ஸ்டாண்ட் என்று நிறைந்துவிடும். ஒரு அட்டைப் பெட்டி போதும். பெட்டி நிறைந்தால், எதை வைப்பது, எதை எடுப்பது என்று குழந்தையிடமே கேளுங்கள். எடுப்பதை போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதியை மட்டும் குறித்து வையுங்கள். பெயரை அதுவே எழுதட்டும். எழுத்து தலைகீழாக இருந்தாலும் அழித்துத் திருத்த வேண்டாம்.