தினையளவு பரிசில்

புறநானூற்றின் 208ஆம் பாடல் ஒரு நிகழ்ச்சியைக் காட்டுகிறது. பரிசில் நாடிச் சென்ற பெருஞ்சித்திரனாரை அதியமான் நெடுமான் அஞ்சி நேரிற் காணாமலே பொருள் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தாம் பரிசிலை வாணிகமாகக் கொள்பவர் அல்லர் என்றும், தம் தகுதியை அறிந்து தருவதாயின் அது தினையளவே ஆயினும் இனிது என்றும் கூறினார். பரிசிலில் பொருள் ஒரு கூறு. அப்பொருள் உணர்த்தும் மதிப்பு மற்றொரு கூறு என்பது இதனால் விளங்கும்.

இவ்விரண்டையும் பற்றிய வினா இந்நாளில் இணையத்திலும் எழுந்துள்ளது. இணையத்தில் ஓர் எழுத்தைப் பாராட்ட விருப்பக் குறியை அழுத்தினாற் போதும், செலவு யாதுமில்லை. ஒருவரே நூறு பொய்ப்பெயர்களில் அழுத்தவும் கூடும். செலவில்லாப் பாராட்டு எழுத்தின் தரத்திற்குச் சான்றாவது அரிது. ஆதலின், பாராட்டோடு சிறு செலவொன்றைப் பிணைத்தால் என்ன என்று அறிஞர் சிலர் எண்ணினர்.

இவ்வெண்ணத்தின் வேர் மின்னஞ்சலில் உள்ளது. வேண்டாத அஞ்சல்களைத் தடுக்க, ஒவ்வோர் அஞ்சலுக்கும் அனுப்புவோரின் கணினி ஒரு கணக்கைச் செய்து முடிக்க வேண்டும் என்று சிந்தியா டுவொர்க், மோனி நாவோர் ஆகிய இருவரும் 1992இல் எழுதினர். ஓர் அஞ்சலுக்கு அது சிறு உழைப்பு. இலட்சம் அஞ்சலுக்கோ பெருஞ்சுமை. 1997இல் ஆடம் பேக் என்பார் இத்தகைய முறையொன்றை ‘ஹாஷ்கேஷ்’ என்னும் பெயரில் அமைத்தார். 2008இல் சதோஷி நாகமோட்டோ என்னும் புனைபெயரில் வெளிவந்த பிட்காயின் கட்டுரை அதனைச் சுட்டிப் பயன்படுத்திக்கொண்டது. ஒரு பிட்காயின் பத்துக் கோடி சதோஷிகளாகப் பகுக்கப்படும். ஆகவே தினையினும் சிறிய பரிசிலை அனுப்புதல் இயல்வதாயிற்று.

இக்கிரிப்டோ நாணயங்களைக் கொண்டு எழுத்தை மதிப்பிட முயன்றவை பல. அவற்றுள் இரண்டைக் காண்போம்.

2016இல் தோன்றிய ஸ்டீமிட் தளத்தில், நாணயம் மிகுதியாக வைத்திருப்போரின் வாக்கு மிகுதியான வலிமை பெற்றது. எழுதியவர்க்குரிய பரிசு வாக்களித்தவரின் கையிலிருந்து செல்லவில்லை. புதிதாக வெளியிடப்பட்ட நாணயத்திலிருந்து சென்றது. வாக்களித்தவர்க்கும் அதில் பங்கு உண்டு. விளைவு என்ன? சிலர் தம் எழுத்துக்குத் தாமே வாக்களித்தனர். வாக்குகள் விலைக்கும் விற்கப்பட்டன. கொடுப்பவர்க்கு இழப்பின்றி ஊதியமே கிடைக்குமிடத்தில், வாக்கு தரத்தைக் காட்டாமல் ஆதாயத்தையே காட்டிற்று.

நாஸ்டர் என்னும் வலையமைப்பில் 2023இல் பரவிய ‘ஸாப்’ முறை வேறு. இதில் படிப்பவர் தம் சதோஷிகளை எழுதியவர்க்கு நேரே அனுப்புகிறார். பொருள் உண்மையாகவே கைவிட்டுப் போகிறது. எனினும், ஒருவர் தம் பணத்தைத் தமக்கே அனுப்பித் தொகையைப் பெருக்கிக் காட்ட இயலும். மேலும், செல்வர் தரும் ஆயிரமும் சிறு வருவாயினர் தரும் பத்தும் ஒரே கூட்டுத்தொகையில் கலந்துவிடுகின்றன. எவர் எவ்வளவு வருந்திக் கொடுத்தார் என்பதை எண் சொல்லாது.

கொடுத்த பொருள் சான்றாக வேண்டுமாயின், அது கொடுத்தவரை விட்டு நீங்கவேண்டும். மறைவழியில் அவரிடமே திரும்பலாகாது. கொடுத்தவர் இன்னார் என்பதும் தெரியவேண்டும். இவற்றுள் முதலாவதை மட்டுமே கருவி உறுதி செய்யும்.

அதியமான் ஈந்ததும் மெய்யான பொருளே. அவன் கையிலிருந்து நீங்கிய பொருளே. ஆயினும் அறியாது ஈந்தமையால் புலவர் அதனைக் கொள்ளவில்லை. சதோஷியை நொடியில் அனுப்பக் கணினி போதும். அனுப்புமுன் எழுத்தைப் படித்து அளந்தறிதல் படிப்பவரின் கடமையேயாகும்.